மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்: ஆம்பூர், ராணிப்பேட்டை ஆலைகளுக்கு ஒரு ஆட்டோமேஷன் கணக்கு

சென்னை வர்த்தக மையத்தில் தோல் கண்காட்சி முடிந்த கையோடு ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆலைகளுக்குக் கொட்டேஷன்கள் வந்து குவியும். கம்ப்யூட்டர் கட்டிங் டேபிள், தானாகத் தண்ணீர் அளந்து விடும், தோல் பதனிடும் டிரம், ஸ்ப்ரே மெஷினுக்கு சென்சார், பசை தடவும் ரோபோ என்று பட்டியல் நீளும். எல்லாவற்றிலும் இரண்டு எண்கள் மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும்: மணிக்கு எத்தனை ஜோடி, எத்தனை மாதத்தில் போட்ட பணம் திரும்பும். முதல் எண்ணை விற்பவரின் ஷோரூமில், அவர் கொண்டுவந்த தோலில் எடுத்திருப்பார்கள். இரண்டாவது அந்த முதல் எண்ணிலிருந்து பிறந்தது.

இந்த இரண்டையும் உங்கள் ஆலையின் எண்களாக மாற்றிப் பார்ப்பது எப்படி என்பதே இங்கே விளக்கப்படுகிறது. உதாரணத் தொகைகள் முறையைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் பில்லையும் சம்பளப் பட்டியலையும் வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில்: எதை மிச்சப்படுத்த வாங்குகிறீர்கள்?

ஆட்டோமேஷன் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு சரக்குகள் விற்கப்படுகின்றன.

1. கை வேலையை மெஷின் செய்வது. தோலை டையால் (துண்டின் வடிவில் செய்த வெட்டு அச்சு) அழுத்தி வெட்டுவதற்குப் பதில் கத்தி தானே ஓடி வெட்டுவது இந்த வகை.
2. அளவையும் நேரத்தையும் கட்டுப்படுத்துவது. டிரம்முக்கு எத்தனை லிட்டர், எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்பதை பி.எல்.சி. பார்த்துக்கொள்வது. பி.எல்.சி. என்பது பேனலுக்குள் இருக்கும் சிறிய தொழிற்சாலைக் கணினி. சென்சார் சொல்வதைக் கேட்டு வால்வையும் மோட்டாரையும் இயக்கும்.
3. பார்த்துத் தீர்மானிப்பது. கேமரா வைத்துக் குறை கண்டுபிடிப்பது, நிறம் பிரிப்பது. ஆரணி ரைஸ் மில்களில் உள்ள கலர் சார்ட்டர் இந்த வகை.

முதல் வகை பெரும்பாலும் ஆள் நேரத்தை மிச்சப்படுத்தும். இரண்டாவது தண்ணீர், கெமிக்கல், ரிஜெக்ஷன் ஆகியவற்றைக் குறைக்கும். மூன்றாவது தரத்தைச் சீராக்கும். எது வேண்டும் என்று ஒரு வரியில் எழுத முடியாவிட்டால் கொட்டேஷன் கேட்கும் கட்டம் இன்னும் வரவில்லை என்று பொருள்.

வேகம் எங்கே சிக்குகிறது?

ஒரு ஷூ லைனுக்கு நாளைக்கு 400 ஜோடி ஆர்டர் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேர ஷிப்டில் டீ, சாப்பாடு, ஷிப்ட் தொடக்கம் போக 450 நிமிடம் வேலை நடக்கும். 450 நிமிடத்தை 400ஆல் வகுத்தால் 67.5 விநாடி. ஒவ்வொரு பிரிவும் சராசரியாக இத்தனை விநாடிக்கு ஒரு ஜோடி கொடுத்தாக வேண்டும். இதற்கு டாக்ட் நேரம் என்று பெயர்.

ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்ததில் இப்படி வருகிறது என்று கொள்வோம்: கட்டிங் 58 விநாடி, ஸ்கைவிங் (தோலின் ஓரத்தை மெலிதாக்குவது) 50, ஸ்டிச்சிங் 74, லாஸ்டிங் (மேல்பகுதியைக் கால் அச்சில் இழுத்துப் பொருத்துவது) 62, பினிஷிங் 55. லைன் தரக்கூடியது 27,000 விநாடியை 74ஆல் வகுத்தால் கிடைக்கும் 364 ஜோடிதான். இப்போது 38 லட்சத்துக்குக் கட்டிங் மெஷின் வாங்கி 58ஐ 40 ஆக்கினாலும் மாலையில் பெட்டிக்குள் போவது அதே 364. நெடுஞ்சாலையை ஆறு வழியாக்கிவிட்டு, பள்ளிகொண்டா டோலில் ஒரே ஒரு கவுண்டரைத் திறந்து வைத்த கதை இது. ஸ்டிச்சிங்கில் இரண்டு மெஷின் கூட்டிப்போட்டு, வேலையைச் சற்றுப் பிரித்துக்கொடுத்தால் சில லட்சத்தில் 400ஐத் தொட்டுவிடலாம்.

அளக்கும்போது மூன்று நிபந்தனைகள். ஒரே நாள் அளவு போதாது. ஆர்டர் மாறும் வாரத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். நல்ல ஆளை மட்டும் அளக்கக்கூடாது. சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றால் எல்லோரும் வேகமாகிவிடுவார்கள் என்பதால், உற்பத்திப் பதிவேட்டு எண்ணிக்கையோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் கட்டிங் மெஷின் வீணா? வேகத்துக்காக வாங்கினால் வீண். தோல் மிச்சத்துக்காக வாங்கினால் கணக்கே வேறு. ஷூவின் உற்பத்திச் செலவில் பெரிய பங்கு தோலுக்குத்தான் போகிறது.

கட்டிங் டேபிளை அருகில் நின்று பார்த்தால்

துணியோ ரெக்சினோ ரோலாக வரும். எங்கே வெட்டினாலும் ஒன்று. தோல் அப்படி அல்ல. முதுகுப் பகுதி இறுக்கம், வயிற்றுப் பகுதி தொளதொளப்பு, கழுத்தில் சுருக்கம், நடுவில் உண்ணிக் கடி, முள் கீறல், சூட்டுக்குறி. வேம்ப் (ஷூவின் முன்மேல் பகுதி) முதுகில்தான் விழ வேண்டும். நாக்கு, உள்பட்டை போன்றவற்றை வயிற்றில் எடுக்கலாம். இழுவைத் திசையும் பார்க்க வேண்டும். அனுபவமுள்ள கட்டர் இதையெல்லாம் தோலை விரித்த மாத்திரத்தில் முடிவு செய்து டையை வைத்துவிடுவார்.

கம்ப்யூட்டர் டேபிளிலும் அந்தக் கண் வேலைக்கு ஆள் வேண்டும். ஆபரேட்டர் தோலை விரித்து, குறைகளைச் சுற்றிக் குறி போட்டு, தர மண்டலங்களைப் பிரித்துக் கொடுத்த பிறகுதான் சாப்ட்வேர் துண்டுகளை அடுக்கும், கத்தி ஓடும். விற்பவர் சொல்லும் வேகம் கத்தியின் வேகம். உங்களுக்குத் தேவை தோலை விரிப்பதிலிருந்து துண்டுகளைப் பொறுக்கி எடுப்பது வரையிலான நேரம்.

- மாட்டுத்தோல், ஒரு சைடு (முழுத்தோலில் பாதி) 20 சதுர அடி. ஜோடிக்குக் கழிவோடு சேர்த்து 2.2 சதுர அடி என்றால் 400 ஜோடிக்கு 880 சதுர அடி, அதாவது 44 சைடு.
- குறி போட 4 நிமிடம், அடுக்க 1, வெட்ட 4, பொறுக்க 3. நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மேசையில் நடந்தால் சைடுக்கு 12 நிமிடம். 450 நிமிடத்தில் 37 சைடு முடியும். கையில் கிடைப்பது 336 ஜோடி.
- குறி போட ஒரு மேசை, வெட்ட ஒன்று, பொறுக்க ஒன்று என்று கன்வேயரில் பிரித்தால் 44 எளிது. ஆனால் அது வேறு மாடல், வேறு விலை, கூடுதல் இடம்.

ஆட்டுத்தோல் என்றால் நிலைமை இன்னும் மாறும். ஒரு தோல் 5 சதுர அடி என்றால் அதே 880 சதுர அடிக்கு 176 தோல். தோலுக்கு 2 நிமிடம் குறி போட்டாலே 352 நிமிடம் போய்விடும். மாட்டுத்தோலில் காட்டிய டெமோவை நம்பி ஆட்டுத்தோல் வேலைக்கு வாங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஆகவே டெமோவுக்குப் போகும்போது உங்கள் தோலையே எடுத்துச் செல்லுங்கள். முதல் தரத் தோலை விட்டுவிட்டு, வழக்கமாக வரும் கலப்புத் தரத்தில் ஒரே லாட்டில் 40 தோல். அதில் பாதியை உங்கள் கட்டர் டையில் வெட்டட்டும், பாதியை மெஷின் வெட்டட்டும். ஏரியா மெஷினில் அளந்த சதுர அடிக்கு எத்தனை நல்ல ஜோடி வந்தது என்று ஒப்பிடுங்கள். துண்டுகளைத் தரம் பார்ப்பவர் உங்கள் ஆளாக இருக்க வேண்டும். இந்தச் சோதனையில் வரும் சதவீதத்தை மட்டுமே அடுத்த கணக்கில் போட வேண்டும்.

பணம் எப்போது திரும்பும்?

கொட்டேஷனில் 38 லட்சம். வாசலைத் தாண்டி மெஷின் ஓடத் தொடங்கும்போது ஆகும் தொகை வேறு (லட்சத்தில், ஜி.எஸ்.டி. இல்லாமல்):

மெஷின் 38; வண்டி வாடகை, இன்சூரன்ஸ், கிரேன் 0.9, ஒயரிங், எர்த்திங், ஸ்டெபிலைசர் 1.8, தூசி புகாத குளிர் அறை 2.5; டிசைன் சாப்ட்வேர், பேட்டர்ன்களைக் கணினியில் ஏற்றுதல், பயிற்சி 2.8, முதல் செட் ஸ்பேர் 1, பழகும் காலத்தில் வீணாகும் தோல் 1. மொத்தம் 48.

ஆண்டு வரவு, 290 வேலை நாளுக்கு:

1. தோல். நாளைக்கு 880 சதுர அடி, அடி 120 ரூபாய். 3 சதவீதம் மிச்சம் என்றால் நாளைக்கு 3,168 ரூபாய், ஆண்டுக்கு 9.19 லட்சம்.
2. டை செலவு. ஒரு புதிய ஸ்டைலுக்கு எல்லா சைஸுக்கும் டை செட் 40,000 ரூபாய் என்றால், ஆண்டுக்கு 12 ஸ்டைலுக்கு 4.8 லட்சம். பலரும் விட்டுவிடும் வரவு இது. சிறிய ஆர்டர், அடிக்கடி மாறும் மாடல் என்று ஓடும் ஆலைக்கு இதுவே பெரிய லாபம்.
3. ஆள். நாலு கட்டர் இருந்த இடத்தில் இருவர் போதும் என்றால் ஆளுக்கு மாதம் 18,000 வீதம் 4.32 லட்சம். அந்த இருவரும் வேறு பிரிவில் ஆள் எடுக்கும் தேவையையோ ஓவர்டைமையோ உண்மையாகவே குறைத்தால்தான் இதைச் சேர்க்க வேண்டும். சும்மா இடம் மாறி உட்கார்ந்தால் சுழி.

கூட்டினால் 18.31 லட்சம். விற்பவர் 38ஐ இதனால் வகுத்து 2.1 ஆண்டு என்று எழுதியிருப்பார். ஆண்டுச் செலவையும் கழிக்க வேண்டும்: ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) 1.8, கத்தியும் கன்வேயர் ஃபெல்ட்டும் 1.5, மின்சாரம் சுமார் 1.97 (தோலை உறிஞ்சிப் பிடிக்கும் வேக்குவம் பம்ப்தான் அதிகம் இழுக்கும்), சாப்ட்வேர் லைசென்ஸ் 0.6. நிகரம் 12.44 லட்சம். 48ஐ இதனால் வகுத்தால் 3.9 ஆண்டு.

இனி எண்களை அசைத்துப் பாருங்கள். தோல் மிச்சம் 3 சதவீதத்திலிருந்து 1 ஆக இறங்கினால் நிகரம் 6.3 லட்சம், பணம் திரும்ப ஏழரை ஆண்டுக்கு மேல் ஆகும். இரண்டு ஷிப்ட் ஓட்டும் அளவுக்கு ஆர்டர் இருந்தால் நிகரம் சுமார் 22.5 லட்சம், 2.1 ஆண்டு. கொட்டேஷனில் இருந்த எண் இரண்டு ஷிப்டில்தான் நிஜமாகிறது. ஆக, வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்விக்குப் பதில் மெஷின் கேட்லாகில் கிடைக்காது. உங்கள் ஆர்டர் புத்தகத்தில் இரண்டாவது ஷிப்டுக்கு வேலை இருக்கிறதா என்பதில் இருக்கிறது.

இன்னொரு கோணம், மெஷினின் நிஜத் திறன். ஷிப்டில் 450 நிமிடத்தில் 60 நிமிடம் நின்றால் ஓடியது 87 சதவீதம். ஓடும்போது வேகம் 85, நல்ல துண்டு 98. மூன்றையும் பெருக்கினால் 72 சதவீதம். கேட்லாகில் 400 என்றால் கைக்கு வருவது 289. கேட்லாக் எண்ணை நேராகத் திட்டத்தில் போடுபவர்கள் ஆறு மாதம் கழித்து ஆபரேட்டரைத் திட்டுகிறார்கள்.

தோல் பதனிடும் டேனரியில் கணக்கு தண்ணீரில் இருக்கிறது

ரீடானிங் (மறுபதனிட்டுச் சாயம் ஏற்றும் கட்டம்) டிரம்மில் 500 கிலோ ஷேவிங் எடை (சீவித் தடிமன் சரிசெய்த தோலின் எடை), அதில் 150 சதவீதத் தண்ணீர் என்றால் 750 லிட்டர். ஹோஸைப் போட்டுவிட்டுக் கண்ணளவில் நிறுத்தினால் 900 ஆகிவிடும்; அதாவது 180 சதவீதம். கெமிக்கல் எடைக்குப் போட்டது அப்படியே இருக்க, கரைசல் நீர்த்துப்போகும். சாயம் ஏறுவது லாட்டுக்கு லாட் மாறும். ஷேடு ஒட்டவில்லை என்று பையர் திருப்பி அனுப்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு பேட்ச்சில் ஆறு முறை தண்ணீர் விட்டு, ஒவ்வொன்றிலும் 150 லிட்டர் கூடினால் 900 லிட்டர். நாளைக்கு எட்டு பேட்ச் என்றால் 7,200 லிட்டர். வேறு ஊரில் இது குழாய்த் தண்ணீர்ச் செலவோடு முடிந்துவிடும். இங்கே முடியாது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, பாலாற்றுப் படுகை டேனரிகளுக்குச் சுத்திகரிப்பு தவிர்க்க முடியாததாகி, பின்னாளில் கழிவுநீர் வெளியேற்றமே கூடாது என்ற நிலை வந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் ஒவ்வொரு கிலோலிட்டரும் ஆர்.ஓ.வில் ஏறி, மிஞ்சும் உப்புக் கரைசல் ஆவியாக்கியில் நீராவியைத் தின்னும். அந்தச் செலவு உங்கள் மாதக் கட்டணத்தில் வருகிறது. வெளிநாட்டு விற்பனையாளரின் பணம் திரும்பும் கணக்குத் தாளில் இது இருக்காது. நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

டிரம் ஆட்டோமேஷனைப் படிப்படியாக வாங்கலாம். முதலில் ஃப்ளோ மீட்டரும் வெந்நீர்–தண்ணீர் கலக்கும் வால்வும் வெப்ப சென்சாரும். அடுத்து டிரம் வேகத்துக்கு டிரைவும், ஓடுதல்–நிற்றல்–திரும்புதல் நேரத்துக்கு புரோகிராமும். கெமிக்கலைத் தானாக ஊற்றும் அமைப்பு கடைசியில். செலவில் சிறியதான முதல் படியே பெரும்பங்கு பலனைக் கொடுத்துவிடும் என்பதால் மூன்றையும் ஒரே மூச்சில் வாங்கத் தேவையில்லை. பி.எச். (அமில–கார அளவு) எலெக்ட்ரோடு வைத்த அமைப்பு என்றால் அதை யார், எப்போது கழுவுவார்கள் என்று கேளுங்கள். சுண்ணாம்பும் கொழுப்பும் கண்ணாடியில் படிந்தால் எலெக்ட்ரோடு பொய் சொல்லும். பி.எச். 4, 7 என்று அளவு தெரிந்த பஃபர் கரைசலில் அடிக்கடி ஒத்துப் பார்க்க ஆள் ஒதுக்காமல் வாங்கக்கூடாது.

வெயில், வாயு, காற்று, கரண்ட்

ஷோரூமில் ஓடிய மெஷின் இங்கே நின்றுபோவதற்கான காரணங்கள் பெரும்பாலும் மெஷினுக்கு வெளியே இருக்கின்றன.

சூடு: மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்கள் பலவற்றுக்கு முழுத் திறன் 40 டிகிரி வரைதான், அதற்கு மேல் திறனைக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டும். வேலூரில் கத்திரி வெயிலில் வெளியிலேயே 40ஐத் தாண்டும். ஷீட் கூரைக்கு அடியில் மூடிய பேனலுக்குள் இன்னும் பத்து டிகிரி கூட. மே மாதம் பிற்பகலில் டிரிப் ஆகும் மெஷினுக்குப் பெரும்பாலும் இதுதான் வியாதி. பேனல் ஏ.சி. கொட்டேஷனில் இருக்கிறதா, இல்லை டிரைவின் அளவு ஒரு படி கூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

வாயு: தோலின் முடியை நீக்கும் சுண்ணாம்பு யார்டில் சோடியம் சல்பைடிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு, செம்பையும் வெள்ளி முனைகளையும் கறுக்கவைத்து அரிக்கும். ரிலே முனையில் தொடர்பு விட்டுவிட்டுப் போகும், எலெக்ட்ரானிக் கார்டு செத்துப்போகும். பேனலைத் தனி அறையில் வைத்து, வெளிக்காற்றை ஊதி உள்அழுத்தம் கொடுப்பது நல்லது. கார்டுகளுக்குப் பாதுகாப்புப் பூச்சு வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் இடத்தில் சென்சார் பெட்டி ஐ.பி. 65க்குக் குறையக்கூடாது, முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. தோலைத் தேய்க்கும் பஃபிங் பக்கம் தோல் தூசி போட்டோ சென்சாரின் கண்ணை மூடிவிடும்.

காற்று: 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 20 கன அடி காற்றை வெளியே விடும். கிட்டத்தட்ட 5 எச்.பி. கம்ப்ரசர் ஒன்றின் முழு உழைப்பு. பழைய லைனில் நாலு கசிவு இருந்தால் புது மெஷினுக்கு அழுத்தம் கிடைக்காது, உடனே இன்னொரு கம்ப்ரசர் வாங்கச் சொல்வார்கள். முதலில் கசிவை அடைத்துவிடுங்கள். கலர் சார்ட்டருக்குக் காற்றின் ஈரத்தை எடுக்கும் டிரையரும் அவசியம். ஈரக் காற்று போனால் கெட்ட அரிசியை ஊதித் தள்ளும் எஜெக்டர்கள் ஒட்டிக்கொண்டு நல்ல அரிசியையும் தள்ளும்.

கரண்ட்: வோல்டேஜை ஒரு வாரம் பதிவு செய்யும் கருவியை வாடகைக்கு எடுத்து மாட்டுங்கள். ஜெனரேட்டர் மாறும் அந்தச் சில விநாடியில் பி.எல்.சி. அணைந்தால் டிரம் பாதி புரோகிராமில் நின்றுவிடும். கட்டுப்பாட்டுப் பகுதிக்கு மட்டும் ஒரு சிறிய யூ.பி.எஸ். போதும், மோட்டாருக்கு வேண்டாம்.

வரியும் ஏற்றுமதிச் சலுகையும்

இரண்டு இடத்தில் ஏற்றுமதி ஆலைகள் கவனமாக இருக்க வேண்டும்.

ஒன்று, ஜி.எஸ்.டி. 38 லட்சத்துக்கு 18 சதவீதம் என்றால் 6.84 லட்சம். வரி கட்டாமல் எல்.யூ.டி. (உறுதிமொழிக் கடிதம்) முறையில் ஏற்றுமதி செய்பவர்களுக்குக் கிடைக்கும் ரீஃபண்ட் சூத்திரத்தில் மூலப்பொருளுக்கும் சேவைக்கும் கட்டிய வரிதான் சேரும். மெஷினுக்குக் கட்டியது சேராது. உள்நாட்டு விற்பனை இல்லாத ஆலையில் அந்தத் தொகை கிரெடிட் லெட்ஜரில் (கட்டிய வரியின் வரவுக் கணக்கு) அப்படியே தூங்கும். ஐ.ஜி.எஸ்.டி. (ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி.) கட்டி ஏற்றுமதி செய்து ரீஃபண்ட் வாங்கும் வழி உண்டு. எந்த வழி என்பதை ஆர்டர் கொடுக்கும் முன்பே ஆடிட்டரிடம் பேசி முடிவு செய்யுங்கள். கிரெடிட் எடுத்த வரித் தொகைக்கு டிப்ரிசியேஷன் (தேய்மானக் கழிவு) கேட்க முடியாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இரண்டு, ஈ.பி.சி.ஜி. (ஏற்றுமதிக்கான மூலதனப் பொருள்) திட்டம். இறக்குமதி மெஷினுக்குச் சுங்கவரி இல்லை. பதிலுக்கு மிச்சமான வரியைப் போல் 6 மடங்கு மதிப்புக்கு 6 ஆண்டில் ஏற்றுமதி காட்ட வேண்டும், அதுவும் பழைய சராசரி ஏற்றுமதிக்கு மேல். ஆர்டர் சரிந்தால் மிச்சமான வரி வட்டியோடு திரும்பக் கேட்கப்படும். மாநில மானியத்துக்கு மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிப்பதும் மெஷின் வருவதற்கு முன் நடக்க வேண்டிய வேலை. மானியம் கிடைத்தால்தான் கணக்கு நிற்கும் என்றால் அந்த மெஷினை விட்டுவிடுவது மேல்.

பர்சேஸ் ஆர்டரில் எழுத வேண்டியவை

வாய்ப்பேச்சில் தந்த உறுதிகளுக்கு மெஷின் இறங்கிய பிறகு மதிப்பில்லை.

1. இரண்டு சோதனை: அனுப்பும் முன் அவர்கள் இடத்தில் ஒன்று, நிறுவிய பின் உங்கள் இடத்தில் ஒன்று. உங்கள் இடத்தில் உங்கள் ஆபரேட்டர், உங்கள் தோல், தொடர்ந்து மூன்று ஷிப்ட். அவர்களுடைய இன்ஜினியர் கையை வைக்காமல் ஓட வேண்டும்.
2. தேறும் எண்கள்: ஷிப்டுக்கு எத்தனை நல்ல ஜோடி, எத்தனை சதவீதம் தோல் மிச்சம், நின்ற நேரம் அதிகபட்சம் எவ்வளவு. "சிறப்பாக இயங்கும்" போன்ற சொற்களை அடித்துவிடுங்கள்.
3. பணம்: 30 சதவீதம் அட்வான்ஸ் (முடிந்தால் பேங்க் கேரண்டியோடு), 50 அனுப்பும்போது, 10 நிறுவியதும், கடைசி 10 உங்கள் இடச் சோதனை தேறிய பிறகு. கடைசிப் பத்தைப் பேரத்தில் விட்டுக்கொடுத்தவர்கள் போன் அடித்துக்கொண்டே இருப்பார்கள்.
4. சர்வீஸ்: இன்ஜினியர் எந்த ஊரில் இருக்கிறார்? சென்னை என்றால் அன்றே வரலாம். வடநாட்டிலிருந்து விமானத்தில் வருபவர் என்றால் இரண்டு நாள் உற்பத்தி போச்சு. எத்தனை மணி நேரத்தில் வர வேண்டும் என்பதோடு தாமதத்துக்கு எவ்வளவு பணம் பிடித்துக்கொள்ளலாம் என்பதையும் எழுதுங்கள்.
5. ஸ்பேர்: எந்தப் பாகங்கள் இந்தியாவில் கடையில் கிடைக்கும், எவை அவர்களிடம் மட்டும் என்று இரண்டு பட்டியல். இரண்டாவது பட்டியலில் உள்ளதில் மெஷினை நிறுத்தக்கூடியவற்றை முதல் நாளே வாங்கி வைக்க வேண்டும்.
6. பாதுகாப்பு: அவசர நிறுத்த பட்டன், கதவு திறந்தால் நிற்கும் இன்டர்லாக். வேகத்துக்காக இன்டர்லாக்கைக் கட்டிவைத்து ஓட்டும் பழக்கம் நம் ஆலைகளில் உண்டு. சோதனையிலேயே கதவைத் திறந்து பார்த்துவிடுங்கள்.
7. புரோகிராம்: பி.எல்.சி., திரை இரண்டின் புரோகிராம் நகலும் பாஸ்வேர்டும் மின்சுற்று வரைபடமும் உங்கள் கைக்கு வர வேண்டும். பலர் தரமாட்டேன் என்பார்கள். அப்படியானால் கம்பெனி மூடினாலோ சர்வீஸை நிறுத்தினாலோ தர வேண்டும் என்றாவது எழுதி வாங்குங்கள். கார்டு எரிந்து, புதுக் கார்டு ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைத்தும், உள்ளே ஏற்ற புரோகிராம் இல்லாமல் மெஷினே இரும்பு விலைக்குப் போன ஆலைகள் உண்டு. கடைசி 10 சதவீதத்தை விடுவிக்கும் முன், அந்த நகலை உங்கள் எலெக்ட்ரீஷியனே ஒருமுறை காலிக் கார்டில் ஏற்றி மெஷினை ஓட்டிக் காட்டட்டும்.